பாலிகைக்கு அள்ளிய மண்

பேரூர் வாய்க்கால் மேடு,
ஈஸ்வர வருஷம், ஐப்பசி மாதம்.

சிரஞ்சீவி காளிச்சாமிக்கு ஆசீர்வாதம். பட்டீசுவரர் கருணையால் இங்கே நானும் உன் அம்மாவும் உன் தங்கை சாந்தாமணியும் மூன்று வேளையும் சாப்பிட்டு மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், அதற்குமேல் க்ஷேமம் என்று எழுதக் கை வரவில்லை. மலாய் நாட்டில் நீ சுகமாக இருப்பது உன் கடிதத்தைப் பிரித்ததுமே தெரிந்தது, அதில் பாதிப் பக்கம் எஸ்டேட் துரை உனக்குக் கொடுத்த புது வீட்டைப் பற்றியும் அதன் கண்ணாடி ஜன்னல்களைப் பற்றியும்தான் இருந்தது, நன்றாக இரு. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. உன் அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை, நீ அனுப்பிய தைலத்தைத் தேய்த்துவிட்டு வாசனை நன்றாக இருக்கிறது என்றாள், வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புரட்டாசியில் நல்ல மழை, வாய்க்கால் தளும்பிப் போகிறது, பருத்திக் காட்டில் செடி முழங்காலுக்கு மேல் வந்துவிட்டது. நம் கொடிக்காலைத் தவிர எல்லா இடமும் பச்சையாகத்தான் இருக்கிறது.

தங்கை கல்யாணம் நின்றுபோயிற்று, மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு நீ உன் கையால் நான்கு வரி எழுத வேண்டும் என்று ஆவணியில் நான் கேட்டிருந்ததற்கு நீ போட்ட பதில் கிடைத்தது. சட்டியில் விதைத்த கல்யாணப் பாலிகை முளைக்கவில்லை என்பதற்காகக் கல்யாணத்தை நிறுத்துகிற வீட்டுக்குப் பெண் கொடுக்காமல் தப்பித்தோம் என்று நினையுங்கள், வேறு இடம் பாருங்கள், இதெல்லாம் மூடப் பழக்கம் என்று எழுதியிருக்கிறாய். கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு எழுதும்போது எல்லாமே சுலபமாகத்தான் இருக்கும். உன்னால் எழுத முடியாது என்பதற்கு நீ சொன்ன காரணத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், முதலில் இங்கே நடந்ததை முழுவதும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்ன நடந்தது என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கொடிக்காலில் வெற்றிலைக்கொடி வாடத் தொடங்கிய வருஷம் உனக்கு நினைவிருக்கும். ஆனைமலைக் காப்பித் தோட்டத்தில் எழுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் லீவில் வந்தாய், அங்கே மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துக் காப்பி இலைக்கு அடிக்கிறார்கள் என்று சொல்லி, கோயமுத்தூர்க் கடைவீதியில் துத்தம் வாங்கிவந்து நம் கொடிக்கு அடித்தாய். கொடி பிழைத்தது, ஊரே வந்து பார்த்தது. அத்தோடு விட்டிருந்தால் உனக்குக் கோயில் கட்டியிருப்பேன். அடுத்த வருஷம் நோய் வேரில் இருக்கிறது, இலைக்கு அடித்து என்ன பயன் என்று வேரில் ஊற்றினாய். அதற்கும் அடுத்த வருஷம் சுண்ணாம்பு மருந்தின் வீரியத்தைக் கொல்கிறது என்று சுண்ணாம்பை விட்டுவிட்டு வெறும் துத்தத் தண்ணீரை ஊற்றினாய். எந்தத் துரையும் உனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை, அது உன் சொந்த மூளை. வாய்க்கால் நெடுகக் கொடிக்கால் வைத்திருந்தவர்கள் எல்லாரும் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி அதேபோல் ஊற்றினார்கள், ஊர்க் கொடிக்காலைக் காப்பாற்றிய பிள்ளை என்று அவர்கள் போட்டுக் கொடுத்த நற்சாட்சியைக் காட்டித்தான் உனக்கு மலாயில் மருந்து மேற்பார்க்கும் கிராணி உத்தியோகம் கிடைத்தது. போன பிறகும் வருஷம் தவறாமல் ஊற்றுங்கள், விட்டுவிடாதீர்கள் என்று எழுதினாய், படித்த பிள்ளை சொல்கிறான் என்று நாங்களும் ஊற்றினோம். இரண்டு வருஷமாகவே இலை வெளுத்துச் சுண்டிப்போய்த்தான் வந்தது. நம் வெற்றிலையைக் கோட்டைமேட்டு மண்டிக்கு எடுக்கிற ரசாக் ராவுத்தர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மறுபடி கட்டிவைப்பார், அவர் நல்ல மனிதர், எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. கொடி படர அகத்தி விதை போட்டால் அதுவும் பாத்தியில் எழும்பாமல் நின்றது.

இந்த நிலையில்தான் உடுமலைப்பேட்டைச் செங்கோட்டையன் மகனுக்குச் சாந்தாமணியைப் பேசி முடித்து ஆவணியில் முகூர்த்தம் வைத்தோம். நல்ல குடும்பம், தென்னந்தோப்பு, பையன் தலை நிமிர்ந்து பேசாதவன், உன் தங்கைக்கும் பிடித்திருந்தது, அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அந்த மாதம் முழுவதும் அவள் வேலை செய்த வேகத்தைப் பார்த்து உன் அம்மா கேலி செய்துகொண்டே இருந்தாள். பாலிகைக்குப் புற்றுமண் எடுக்கிற வீடும் உண்டு, ஆற்றுமண் எடுக்கிற வீடும் உண்டு, நம் வீட்டு வழக்கம் கொடிக்கால் மண் என்பது உனக்குத் தெரியும். செருப்புக் காலோடு நுழையாத இடம், வீட்டுக்குத் தூரமான பெண்கள் வரப்பைக்கூட மிதிக்காத இடம், அதைவிடச் சுத்தமான மண் எங்கே கிடைக்கும் என்று முன்னோர்கள் வைத்த வழக்கம். உன் அம்மா முழங்கால் வலியோடு தானே போய்க் குனிந்து அள்ளி, சலித்து, எரு கலந்து, பாலிகைச் சட்டிகளில் நிரப்பினாள். சுமங்கலிகள் சேர்ந்து நெல்லும் துவரையும் பச்சைப்பயறும் தட்டைப்பயறும் விதைத்துத் தண்ணீர் தெளித்தார்கள்.

முளை வந்தது, வராமல் இல்லை. விதைக்குள் இருந்த சத்தில் எட்டிப் பார்த்தது, அரை விரல் உயரம் வந்து அங்கேயே நின்றது, பிறகு மஞ்சளாகித் தலை சாய்ந்து ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டது. உன் அம்மா வேறு மண்ணில் வேறு விதை போட்டு மாற்றிவைத்துவிடலாம் என்று என்னிடம் கெஞ்சினாள், சாமி காரியத்தில் திருட்டுத்தனம் வேண்டாம் என்று நான்தான் மறுத்தேன். சீர் கொண்டுவந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பாலிகையைப் பார்க்கக் கேட்டார்கள், துணியை விலக்கியதும் தாம்பூலத்தைத் தொடாமல் வண்டி ஏறினார்கள். செங்கோட்டையன் மட்டும் போகும்போது என் கையைப் பிடித்து, யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

அவர் யோசிப்பதற்கு முன்பே என் தங்கை, உன் அத்தை சின்னாத்தாள், எல்லாருக்கும் சேர்த்து யோசித்து முடித்துவிட்டாள். கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தின் நடுவே நின்றுகொண்டு, சாந்தாமணியைக் காட்டி, "அம்மணி தூரமா இருக்கறப்ப கொடிக்காலுக்குள்ள போயிருப்பா, அதுதான் கொடியும் வாடுது, பாலிகையும் படுத்துப்போச்சு" என்றாள். இதை ஒரு தகப்பன் மகனுக்கு எழுதுவது முறையல்ல, எழுத வேண்டி வந்துவிட்டது. அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் நீ. ஊரில் வேறு எந்தப் பெண்ணும் கொடிக்காலுக்குள் நாள் முழுவதும் இருந்தது கிடையாது, உன் தங்கைதான் இருந்தாள், நீ துத்தம் கலக்க அவள்தான் பானையைப் பிடித்தாள், விரல் நுனியெல்லாம் நீலம் பாரித்துப்போய் அவள் சோற்றில் கை வைக்காமல் கரண்டியால் சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் பார்த்ததும் அதைத்தான்.

கல்யாணம் நின்ற செய்தி கேட்டு ரசாக் ராவுத்தர் வந்தார். துக்கம் விசாரிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு, விவசாயக் காலேஜில் செடி வியாதி பார்க்கிற கோவிந்தராஜுலு என்பவர் தனக்குத் தெரிந்தவர், கூட்டிவருகிறேன் என்றார், அடுத்த வாரமே ஒற்றை மாட்டு வண்டியில் கூட்டியும் வந்தார். அந்த மனிதர் பாலிகைச் சட்டியைக் கேட்டு வாங்கி, படுத்துக் கிடந்த துவரையைப் பிடுங்கித் தண்ணீரில் அலசி வெள்ளைத் துணிமேல் வைத்தார். வேர் நகத்து அளவுதான் இருந்தது. நுனி மொண்ணையாகிக் கருகிய திரி மாதிரி இருந்தது, அதற்குச் சற்று மேலே தடித்துப்போய்க் குட்டை குட்டையாகப் பக்கவேர் நெருக்கமாக முண்டிக்கொண்டு நின்றது. பருத்திக் காட்டு மண்ணில் அதே விதையைப் போட்டு வைக்கச் சொன்னார், அதில் வந்த வேர் வெள்ளை நூலாகச் சட்டியின் அடியைத் தொட்டுச் சுற்றியது. பிறகு கொடிக்கால் மண்ணில் ஒரு பிடியைத் திராவகத்தில் ஊறவைத்து வடிகட்டி, தேய்த்த இரும்பாணி ஒன்றை அதில் போட்டு வைத்தார். வெளியே எடுத்தபோது ஆணி செப்புக் கம்பியாகச் சிவந்திருந்தது.

துத்தம் என்றால் செம்புதானாம், அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், எனக்குத் தெரியாது. கொஞ்சம் செம்பு செடிக்கு வேண்டியதாகவே இருக்கலாம், மிஞ்சினால் முதலில் வேர் நுனியைத்தான் கொல்கிறது என்றார். செடியின் குருத்து நுனியில் ஏதோ ஒரு சத்து ஊறிக் கீழே இறங்குகிறதாம், வேர் எவ்வளவு நீள வேண்டும், எந்த இடத்தில் கிளைக்க வேண்டும் என்பதெல்லாம் அதன் கைவசம் இருக்கிறதாம், சீமையில் இப்போதுதான் அதைக் கண்டுபிடித்து ஹார்மோன் என்று பேர் வைத்திருக்கிறார்கள். வேர் நுனி செம்பில் வெந்துபோனால் அந்தச் சத்தின் ஒழுங்கு தப்பி, நீள வேண்டிய வேர் நீளாமல், கண்ட இடத்தில் கிளைத்து நிற்கிறது என்பது அவருடைய எண்ணம். இது என் எண்ணம் மட்டும்தான், இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை என்று அவரே சொன்னார், தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஒரு படித்தவனை நான் முதன்முதலாகப் பார்த்தேன். ஆனால் செம்பு மிஞ்சியதில் சந்தேகமே இல்லை, இலைக்குத் தெளிக்க வேண்டியதை வேரில் கொட்டியிருக்கிறீர்கள், அதுவும் சுண்ணாம்பு சேர்க்காமல், யார் சொன்னது என்று கேட்டார். நான் பேச்சை மாற்றினேன். மழையில் அது கரைந்து போகாதா என்று கேட்டேன். லேசில் போகாது, மேல்மண்ணிலேயே தங்கும், உங்கள் பேரன் காலத்திலும் இருக்கலாம் என்றார்.

இதையெல்லாம் கேட்டபோதும் எனக்கு ஒரு பக்கம் சந்தோஷமாக இருந்தது, என் பெண்மேல் குற்றம் இல்லை என்று ஆயிற்றே. உடனே செங்கோட்டையனுக்குச் சொல்லியனுப்பினேன். அவரும் வந்தார், இரண்டு சட்டியையும் பார்த்தார், ஆணியைக் கையில் எடுத்து உரசிப் பார்த்தார், பொறுமையாக எல்லாம் கேட்டார். பிறகு, "மண்ணு கெட்டுருக்குதுங்க, ஒத்துக்கறனுங்க. கெடுத்தது உங்க பையன்னு நீங்க சொன்னா, பொண்ணக் காப்பாத்தச் சொல்றீங்கம்பாங்க. பையனே ஒரு வரி எழுதட்டுங்க, நான் எங்கூட்டுப் பொம்பளைகளுக்குப் படிச்சுக் காட்டிக்கறனுங்க" என்றார். நியாயமான பேச்சு. அதைக் கேட்டுத்தான் உனக்கு எழுதினேன். கடிதம் வரும்வரை பையனுக்கு வேறு இடம் பார்ப்பதில்லை என்றும் அவர் வாக்குக் கொடுத்திருந்தார். தபால்காரன் வாய்க்கால் பாலத்தில் ஏறும்போதே உன் தங்கை அடுப்படிக்குள் போய்விடுவாள், எதிர்பார்ப்பது தெரியக்கூடாது என்று.

நீ என்ன எழுதினாய்? துத்தத்தால் மண் கெட்டது என்று நீயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது எப்படியாவது எஸ்டேட்டுக்கு எட்டிவிடும், மருந்து தெரிந்தவன் என்று கொடுத்த உத்தியோகமும் வீடும் போய்விடும், வாய்க்கால்காரர்களும் உன்மேல் பாய்வார்கள், நாலு மாதம் போனால் ஊர் மறந்துவிடும் என்று. ஊர் மறந்துவிடும்தான், உன்னை. கொடிக்கால் எந்த வருஷம் வாடியது, யார் மருந்து கொண்டுவந்தது என்பதெல்லாம் மறந்துவிடும், தீட்டோடு நுழைந்த பெண் என்பது மட்டும் அவள் கிழவியாகும்வரை அவளுக்கு முன்னால் நடந்து போகும். நாலு வரியில் போக வேண்டிய பழி அது. கண்ணாடி ஜன்னல் போய்விடும் என்று நீ அதை அவள் தலையிலேயே விட்டுவிட்டாய். உன்னை நான் பெற்றேன் என்பதை நினைத்து அன்றைக்குத்தான் முதல்முதலாக வெட்கப்பட்டேன்.

உன் கடிதம் வந்த பிறகு எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குச் செங்கோட்டையனையும் ஊர்க்காரர்களையும் வரச் சொல்லி, என் பெண் ஒருநாளும் தூரமாக இருக்கும்போது கொடிக்காலை மிதித்ததில்லை என்று சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்வதாக முடிவு செய்தேன். புறப்படும்போது உன் தங்கை வாசலை மறித்து நின்றாள். "சூடம் அணைக்காதீங்கப்பா, பொய்ச் சத்தியமாப் போயிரும். நான் போயிருக்கறனுங்க. அண்ணந்தான் கூப்புட்டுச்சு, துத்தங் கரைச்சாச்சு, தீட்டையெல்லாம் பாத்துட்டு நிக்காதே வான்னுச்சு" என்றாள். அவள் அழவில்லை. உன் அம்மாதான் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். ஒரு முறையா என்று கேட்டேன், அவள் உன் அம்மாவைத் தூக்கிவிடக் குனிந்தாள். இந்த விஷயமும் உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் மூடப் பழக்கம் என்று எனக்கு எழுதியிருக்கிறாய். மூடப் பழக்கம் என்றே வைத்துக்கொள்வோம், அதை மீறிய தைரியம் உன்னுடையதுதானே, அதற்கு உண்டான தண்டனையை மட்டும் ஏன் அவளிடம் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினாய்?

கோயிலுக்குப் போனேன், சூடத்தைத் தொடவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன். என் மகன் காளிச்சாமி வேரில் துத்தம் ஊற்றினான், ஊற்றச் சொன்னான், அவன் கூப்பிட்டுத்தான் என் மகள் உள்ளே போனாள், எந்த நாளில் போனாலும் அவள் காலால் வேர் கருகவில்லை, செம்பால் கருகியது என்று சொல்லி, அலசி வைத்திருந்த இரண்டு வேரையும் எல்லார் கையிலும் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள். செங்கோட்டையன் எழுந்து துண்டைச் சரிசெய்துகொண்டு, "மண்ணுக்கு ஞாயஞ் சொல்லீட்டீங்க. ஆனா அம்மணி போனது போனதுதானுங்களே" என்றார். அவ்வளவு மரியாதையாகச் சொன்னார், என் காலைத் தொட்டுக் கும்பிடாத குறை. கார்த்திகையில் அந்தப் பையனுக்குக் கருமத்தம்பட்டியில் கல்யாணம், நமக்கும் மஞ்சள் தடவிய பத்திரிகை வந்திருக்கிறது. அவள் போனதைச் சொல்லாமல் துத்தத்தை மட்டும் சொல்லி நீ எழுதியிருந்தால், அந்த நாலு வரியே போதுமாக இருந்தது, நான் கோயிலில் வாயைத் திறக்க வேண்டி வந்திருக்காது. உண்மையைச் சொல்லி என் பெண்ணின் கல்யாணத்தை நானே என் கையால் முறித்துவிட்டேன்.

சாந்தாமணியைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். பக்கத்து வீட்டில் நடந்த சீருக்கு அவளைக் கூப்பிடவில்லை. அத்தை சின்னாத்தாள் நம் வீட்டு வாசலைத் தாண்டிப் போகும்போது புடவையை ஒதுக்கிக்கொண்டு போகிறாள். உன் தங்கை இப்போதெல்லாம் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை, வேலை மட்டும் முன்பு மாதிரியே செய்கிறாள், வேகம்தான் இல்லை. உன்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, நான் திட்டினாலும் அண்ணன் என்ன செய்யும் என்கிறாள், அதைக் கேட்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு காரியம் மட்டும் மறக்காமல் செய். வாய்க்கால் நெடுக உன் பேச்சைக் கேட்டு ஊற்றியவர்களில் பாதிப்பேர் நான் சொன்னதை நம்பவில்லை, நம் வீட்டுப் பெண்ணின் தீட்டுத்தான் தங்கள் கொடிக்காலுக்கும் பரவியது, மருந்து நல்ல மருந்துதான் என்று கார்த்திகையில் மறுபடியும் ஊற்றத் துத்தம் வாங்கி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்காவது எழுது. என் பேச்சுக்கு இனி இந்த ஊரில் மதிப்பில்லை, உன் பேச்சுக்கு இருக்கிறது. உன்னை வரச் சொல்லி எழுதும்படி உன் அம்மா சொன்னாள், அவள் சொன்னதை எழுதிவிட்டேன், நான் கூப்பிடவில்லை.

காய்ச்சல் காலமாக இருக்கும், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. வேளைக்குச் சாப்பிடு. நீ நூறு வயது குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று பட்டீசுவரரை இன்றைக்கும் கும்பிட்டேன், பழக்கத்தால் கும்பிட்டேனா மனத்தால் கும்பிட்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

இப்படிக்கு,
சாந்தாமணியின் அப்பா
நாச்சிமுத்து